ஸ்கின் கிளினிக்ல சொல்ற வார்த்தைக்கெல்லாம் என்ன அர்த்தம்? பெங்களூர்ல நம்ம ஆளுங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

வணக்கம். நான் பெங்களூர்ல ஒரு தோல் டாக்டர் கிட்ட 11 வருஷமா நர்ஸா இருக்கேன், வீடு அல்சூர்ல. எங்க கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு மேல ஸ்ரீராம்புரம், மர்ஃபி டவுன், விவேக்நகர், கம்மனஹள்ளின்னு நம்ம தமிழ் ஆளுங்கதான். டாக்டர் கன்னடமும் இங்கிலீஷும் கலந்து கடகடன்னு சொல்லிருவாரு, இவங்க தலையாட்டிட்டு வெளிய வந்து என் கையைப் புடிச்சு "பாப்பா, இப்ப அவரு என்ன சொன்னாரு"ன்னு கேப்பாங்க. ஒரு தடவ ஒரு அம்மா கையெழுத்து போட பேனாவ கையில எடுத்துட்டாங்க, அப்புறம்தான் மெதுவா என் காதுல கேட்டாங்க, "பீல்னா உரிக்கறதுதானே, மூஞ்சித் தோல உரிச்சிருவாங்களா?" அவங்க அத கேக்காம கையெழுத்து போட்டிருந்தா ராத்திரி பூரா பயந்துட்டே படுத்திருப்பாங்க. அன்னைக்கே நெனச்சேன், இதெல்லாம் தமிழ்ல ஒரு எடத்துல எழுதி வைக்கணும்னு. என் கிட்ட திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள கீழ குடுத்திருக்கேன், பதில் எல்லாம் பொதுவா சொல்றதுதான், உங்க தோலுக்கு எதுங்கறத டாக்டர் நேர்ல பாத்துதான் சொல்லணும்.

கேள்வி: பிளாஸ்டிக் சர்ஜரின்னா உள்ள பிளாஸ்டிக் வச்சு தைப்பாங்களா?

இல்லங்க. இதுதான் முதல் கேள்வியா எப்பவும் வரும். கிரேக்க மொழியில பிளாஸ்டிகோஸ்னா உருவம் கொடுக்கறது, களிமண்ணப் புடிச்சு பொம்மை பண்ற மாதிரி. அந்த வார்த்தையிலருந்து வந்த பேருதான் இது, நம்ம பக்கெட்டு குடம் பண்ற பிளாஸ்டிக்குக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது.

இதுல நம்ம மைசூர் சீமைக்கு ஒரு பங்கு இருக்கு, நெறைய பேருக்கு தெரியாது. 1792 சண்டையில இங்கிலீஷ்காரன் படைக்கு மாடு ஓட்டிட்டிருந்த கவாஸ்ஜின்னு ஒரு மராத்திக்காரர திப்பு சுல்தான் ஆளுங்க புடிச்சு மூக்கையும் ஒரு கையையும் வெட்டிட்டாங்க. ஒரு வருஷம் மூக்கில்லாம இருந்தவருக்கு புனா பக்கத்துல செங்கல் சூளை வேலை செய்ற ஜாதிக்காரர் ஒருத்தர் புது மூக்கு வச்சாரு. மெழுகுல மூக்கு அளவுக்கு தகடு பண்ணி, அத நெத்தியில தட்டையா வச்சு கோடு போட்டு, அந்த அளவுக்கு நெத்தித் தோல எடுத்து கீழ மடக்கி, ரெண்டு கண்ணுக்கு நடுவுல ஒரு துண்டு மட்டும் ரத்த ஓட்டத்துக்காக விட்டு வச்சாரு. இந்த விஷயம் 1794ல லண்டன்ல ஜென்டில்மேன்ஸ் மேகசின்ல படத்தோட வந்துச்சு, அத பாத்துட்டு கார்ப்யூன்னு ஒரு டாக்டர் 1814ல அங்க அதே மாதிரி செஞ்சாரு. கேன்சர்ல மூக்கு போனவங்களுக்கு இன்னைக்கும் நெத்தித் தோல்ல மூக்கு பண்றாங்க, அடிப்படையில முறை அதேதான். பிளாஸ்டிக் சர்ஜரின்னாலே சினிமாக்காரங்க சமாச்சாரம்னு யாராவது சொன்னா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும், தீக்காயம் பட்ட புள்ளைங்க, உதடு பிளந்து பொறந்த கொழந்தைங்க, இவங்களுக்கு செய்றதும் அதே டாக்டருங்கதான்.

கேள்வி: அப்ப ரீகன்ஸ்ட்ரக்டிவ், காஸ்மெட்டிக்னு ரெண்டா சொல்றாங்களே?

உடைஞ்சத, எரிஞ்சத, பொறக்கும்போதே சரியா அமையாதத சரிபண்றது ரீகன்ஸ்ட்ரக்டிவ். நல்லா இருக்கற உறுப்ப நம்ம விருப்பத்துக்கு மாத்தறது காஸ்மெட்டிக், அதையே ஏஸ்தெட்டிக்னும் போர்டுல போடுவாங்க. இந்த வித்தியாசம் பணத்துல நல்லா தெரியும். காஸ்மெட்டிக்க இன்ஷூரன்ஸ் கட்டாது, விபத்து, தீக்காயம், கேன்சருக்கு அப்புறம் செய்றதுக்கு பாலிசி பாத்து கட்டும். ஜிஎஸ்டியும் அப்படித்தான், ஹேர் டிரான்ஸ்பிளான்ட், காஸ்மெட்டிக் சர்ஜரிக்கெல்லாம் வரி உண்டு, பொறவிக் குறை, அடிபட்டதுக்கு செய்றதுக்கு வரி கிடையாது. அதனால டாக்டர் ரிப்போர்ட்ல காரணம் என்ன எழுதறாரோ அத படிச்சுப் பாத்துக்கோங்க.

கேள்வி: டெர்மட்டாலஜிஸ்ட், காஸ்மெட்டாலஜிஸ்ட், பிளாஸ்டிக் சர்ஜன், இதுல யாரு டாக்டரு?

டெர்மட்டாலஜிஸ்ட் தோல் டாக்டர், எம்பிபிஎஸ் முடிச்சிட்டு தோலுக்குன்னு தனியா எம்டி இல்லன்னா டிடிவிஎல், டிஎன்பி படிச்சவரு. பிளாஸ்டிக் சர்ஜன் எம்எஸ் சர்ஜரிக்கு மேல எம்சிஎச் படிச்சவரு, இல்லன்னா அதுக்கு சமமா டிஎன்பி. காஸ்மெட்டாலஜிஸ்ட்ங்கறது அப்படி ஒரு டாக்டர் பட்டம் கிடையாது, சில மாச கோர்ஸ் முடிச்சவங்களும் அந்தப் பேரு போட்டுக்கறாங்க, பியூட்டி பார்லர்ல நல்லா வேலை தெரிஞ்சவங்க நெறைய பேர் இருக்காங்க, அத நான் கொறை சொல்லல, ஆனா ஊசி, லேசர், ஆபரேஷன் அவங்க கை வேலை இல்ல. போர்டுல பேருக்குப் பின்னாடி என்ன எழுத்து இருக்குன்னு பாருங்க. கர்நாடகா மெடிக்கல் கவுன்சில் நம்பர் கேளுங்க, கிளினிக்குக்கு கேபிஎம்இ (தனியார் கிளினிக்குங்களுக்கான கர்நாடகா சட்டம்) பதிவு சர்டிஃபிகேட் சுவத்துல மாட்டியிருக்கணும், அதுல எந்த வைத்தியத்துக்குன்னு போட்டிருக்கும். கேட்டா கோச்சுக்குவாங்களோன்னு கூச்சப்படாதீங்க, எங்க டாக்டர் கிட்ட யாராவது கேட்டா அவரே எந்திரிச்சுப் போய் காட்டுவாரு.

கேள்வி: கெமிக்கல் பீல்னா தோல உரிக்கறதா?

அந்த அம்மா கேட்ட கேள்வி. ஒரு விதத்துல ஆமா, ஆனா வெங்காயம் உரிக்கற மாதிரி இல்ல. கிளைகாலிக், சாலிசிலிக், லாக்டிக்னு சில ஆசிட்ட டாக்டர் சொல்ற அளவுல மூஞ்சியில தடவி, சில நிமிஷம் வச்சு, எடுத்துருவாங்க. செத்துப்போன மேல் தோல் அடுத்த 3லருந்து 7 நாளைக்குள்ள மெல்லிசா பொடிப்பொடியா உதிரும், சில பீல்ல கண்ணுக்கே தெரியாது. எரியும், பொறுக்கற மாதிரி எரியும். உதிர்ற தோல நகத்தால கிள்ளி எடுக்கவே கூடாது, அங்கதான் கருப்பா தழும்பு நிக்கும், நம்ம மாநிறத்துக்கும் கருப்புக்கும் இது ரொம்ப சீக்கிரம் வரும். அதனாலதான் நம்ம தோலுக்கு ஆழமான பீல் போட டாக்டருங்க யோசிப்பாங்க. கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி வந்து பீல் போடுங்கன்னு கேக்குற பொண்ணுங்களுக்கு நான் கெஞ்சி சொல்றது, குறைஞ்சது ஒரு மாசம் முன்னாடி வாங்கம்மா.

டாக்டர் முதல்ல தோல் டைப் 4, டைப் 5ன்னு எழுதுவாரு. பயந்துறாதீங்க, வியாதி இல்ல அது. ஃபிட்ஸ்பேட்ரிக்ங்கறவரு 1975ல வெயில்ல தோல் எப்படி கருக்குது, எப்படி சிவக்குதுன்னு வச்சு ஆரம்பிச்ச கணக்கு, இப்ப ஒண்ணுலருந்து ஆறு வரைக்கும் இருக்கு, நம்மள்ல பெரும்பாலும் 4, 5தான் வரும். லேசர், பீல் அளவு வைக்க அது வேணும்.

கேள்வி: மங்கு, பிக்மென்டேஷன், டேன் எல்லாம் ஒண்ணா?

பிக்மென்டேஷன்ங்கறது பொதுப் பேரு, எங்க கருத்தாலும் அப்படித்தான் எழுதுவாங்க. மெலஸ்மாதான் நம்ம மங்கு, ரெண்டு கன்னத்துலயும் நெத்தியிலயும் மேல் உதட்டுலயும் பரவி வர்றது, கர்ப்பமா இருக்கும்போது, கருத்தடை மாத்திரை போடும்போது, வெயில்ல, பரம்பரையா வரும். பருவு போன எடத்துல நிக்கற கருப்புக்கு பிஐஎச்னு சொல்லுவாங்க, அதுக்கு காரணம் வேற, அது மாசக்கணக்குல தானா கொறையும். டேன் வெறும் வெயில் கருப்பு. மங்கு குறையும், திரும்பவும் வரும், ஒரே மாசத்துல வேரோட எடுத்துருவேன்னு யாராவது சொன்னா அந்த எடத்த விட்டு எந்திரிச்சு வந்துருங்க.

கேள்வி: கழுத்துல மட்டும் கருப்பா, தடிப்பா இருக்கு, எவ்ளோ தேச்சாலும் போகலையே?

இதுக்கு நான் கொஞ்சம் அழுத்தி சொல்லணும். அது அழுக்கு இல்ல. வெல்வெட் துணி மாதிரி தொட்டா மெத்துன்னு இருந்தா அதுக்கு பேரு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ். ஒடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலன்னு தோல் காட்டற அடையாளம் அது, கூடவே கழுத்துல சின்னச் சின்ன மருவும் வரும். சங்கிலி போட்டதால கருத்துச்சுன்னு சொல்லி பீர்க்கங்கா நாரு, கடலை மாவு, எலுமிச்சம்பழம்னு தேச்சுத் தேச்சு புண்ணாக்கிட்டு வர்றாங்க. சின்னப் பசங்கள ஸ்கூல்ல குளிக்கலியாடான்னு கேலி பண்ணுவாங்க, அந்தப் பையன் தலை குனிஞ்சு உக்காந்திருக்கறத பாக்க முடியாது. சுகர் டெஸ்டும் எச்பிஏ1சியும் (மூணு மாச சுகர் சராசரி) எடுங்க, பொண்ணுங்களுக்கு மாசாமாசம் சரியா வரலன்னா பிசிஓஎஸ்ங்கற சினைப்பை ஹார்மோன் பிரச்சனை இருக்கான்னும் பாக்கணும். எடை குறைஞ்சா கழுத்தும் தெளியும். இதுக்கு பார்லர்ல பணம் கட்டாதீங்க.

கேள்வி: மெடிக்கல்ல குடுக்கற வெள்ளையாகற கிரீம் போடலாமா?

போடக்கூடாது. இதுக்குத்தான் நான் இந்தப் பக்கமே எழுத உக்காந்தேன்.

என் தங்கச்சி 2016ல ஒரு மெடிக்கல் ஷாப்புல கேட்டு வாங்கி போட ஆரம்பிச்சா. பத்தே நாள்ல மூஞ்சி பளபளன்னு ஆயிருச்சு, வீட்ல எல்லாரும் பாராட்டினாங்க, நான் வெளியூர்ல ட்ரெய்னிங்ல இருந்தேன், ஃபோன்ல போட்டோ பாத்து நானும் நல்லா இருக்குன்னு சொன்னேன். எட்டு மாசம் போட்டா. வீட்டுக்கு வந்து டியூப்லைட் வெளிச்சத்துல பக்கத்துல உக்காந்து பாக்குறேன், கன்னத்துல நூல் நூலா செவப்பு நரம்பு, தாடையில பூனமுடி, நெத்தி பூரா பொடிப் பருவு. அடுப்பு முன்னாடி நின்னா எரியுதுக்கான்னு அழுதா. கிரீம ரெண்டு நாள் நிறுத்தினா மூஞ்சி வீங்கி செவந்துரும், திரும்ப போட்டா அடங்கும், அதனால விடவே முடியல. டியூப்ப எடுத்துப் படிச்சேன், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின், மொமெட்டசோன். மூணும் சேந்த அந்த மருந்து மங்குக்கு டாக்டர் கொஞ்ச வாரத்துக்கு மட்டும் எழுதறது, மொமெட்டசோன்ங்கறது ஸ்டீராய்டு. தோல் டாக்டருங்க இப்படி கெட்டுப்போன மூஞ்சிக்குன்னே டிஎஸ்டிஎஃப்னு ஒரு பேரு வச்சிருக்காங்க, டாபிகல் ஸ்டீராய்டு டேமேஜ்டு ஃபேஸ். அவ்ளோ பேர் வர்றாங்க. அவளுக்கு குணமாக ஒன்றரை வருஷம் ஆச்சு, இன்னைக்கும் வெயில்ல போனா கன்னம் சிவக்கும்.

2018ல மத்திய அரசு இந்த ஸ்டீராய்டு கிரீமையெல்லாம் ஷெட்யூல் எச்ல கொண்டு வந்துருச்சு, அதாவது டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாது. ஆனாலும் கேட்டா குடுக்கற கடை இருக்கு. டியூப்புல செவப்புக் கோடு இருந்தா அது சீட்டு மருந்து. பீட்டாமெதாசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன், இந்தப் பேருங்க இருந்தா மூஞ்சிக்கு சொந்தமா போடாதீங்க, படர்தாமரைக்கும் போடாதீங்க, முதல்ல அடங்கற மாதிரி அடங்கி அப்புறம் ஒடம்பு பூரா பரவும். ஏற்கனவே போட்டுட்டு இருந்தா பயந்து பட்டுன்னு நிறுத்தாம டியூப்போட டாக்டர பாருங்க, எப்படி விடணும்னு அவங்க சொல்லுவாங்க.

லேபிளே இல்லாத டப்பா கிரீம், வெளிநாட்டுலருந்து வந்துச்சுன்னு சொல்றது, அதுலயெல்லாம் பாதரசம் இருக்கலாம். கேரளாவுல மலப்புரம் பக்கம் 2023ல இந்த மாதிரி கிரீம் போட்டவங்களுக்கு கிட்னி பாதிச்சு யூரின்ல புரோட்டீன் போறத டாக்டருங்க கண்டுபுடிச்சாங்க. ஃபேர் அண்ட் லவ்லி 2020ல க்ளோ அண்ட் லவ்லின்னு பேரு மாறுச்சு, பேரு மாறுச்சே தவிர பொண்ணு பாக்க வர்றவங்க கேக்கற கேள்வி மாறல, அதனாலதான் இந்த டப்பாவுக்கெல்லாம் ஆள் இருக்கு.

கேள்வி: குளூட்டா ஊசி போட்டா கலர் வருமா?

குளூட்டாதயோன். நம்ம ஒடம்பே பண்ணிக்கற பொருள்தான். ஆஸ்பத்திரியில அது கல்லீரல் பாதிப்பு மாதிரி வேற காரணத்துக்கு குடுக்கற மருந்து, தோல் வெளுக்க நரம்புல ஏத்தறதுக்கு இந்தியாவுல அனுமதி கிடையாது. அலர்ஜி, கிட்னி, தைராய்டு பிரச்சனை வரலாம். பேக்கேஜ்னு சொல்லி பத்து ஊசிக்கு முன்பணம் வாங்குவாங்க, வேணாம்.

கேள்வி: சன்ஸ்கிரீன்ல எஸ்பிஎஃப், பிஏ பிளஸ் பிளஸ்னு போட்டிருக்கே? பெங்களூர் குளிருக்கு அது எதுக்கு?

எஸ்பிஎஃப் தோல சுடற யூவிபி கதிருக்கு. 30 போட்டா சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 போட்டா 98, அதனால 100ன்னு பாத்து கூட காசு குடுக்க வேணாம். பிஏ ஜப்பான்ல வச்ச அளவு, தோல் கருத்து சுருங்க வைக்கற யூவிஏவுக்கு, பிளஸ் எவ்ளோ கூட இருக்கோ அவ்ளோ நல்லது, குறைஞ்சது மூணு பிளஸ் இருக்கட்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டுலயும் நீளமா பிதுக்கினா மூஞ்சி கழுத்துக்கு சரியா இருக்கும், நம்ம ஆளுங்க பட்டாணி அளவு எடுத்து தேச்சுட்டு வேலை செய்யலங்கறாங்க. வெளிய நின்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திரும்ப போடணும்.

பெங்களூர் கடல் மட்டத்துலருந்து 900 மீட்டருக்கு மேல இருக்கு. காத்து குளுகுளுன்னு இருக்கறதால வெயில் உறைக்காது, ஆனா உயரம் ஏற ஏற யூவி கூடும், மெட்ராஸ்ல வேர்த்து நெழல்ல ஒதுங்கற நாம இங்க மத்தியானம் பன்னெண்டு மணிக்கு பஸ் ஸ்டாப்புல சும்மா நிக்கறோம். மங்கு இருக்கறவங்க லேசா கலர் கலந்த, அயர்ன் ஆக்சைடு இருக்கற சன்ஸ்கிரீன் கேளுங்க, கண்ணுக்குத் தெரியற வெளிச்சம் கூட மங்க கூட்டும், அத இதுதான் தடுக்கும்.

கேள்வி: ரெட்டினால், நியாசினமைடு, செராமைடு, ஏஎச்ஏ பிஎச்ஏ... எது எதுக்கு?

சுருக்கமா சொல்றேன். ரெட்டினால், அடாப்பலீன், ட்ரெட்டினோயின் மூணும் வைட்டமின் ஏ குடும்பம், பருவுக்கும் சுருக்கத்துக்கும், ராத்திரி மட்டும், கடலைப்பருப்பு அளவு, முதல்ல வாரத்துக்கு ரெண்டு நாள். கர்ப்பமா இருந்தாலும் கர்ப்பத்துக்கு முயற்சி பண்ணாலும் வேணாம். பருவுக்கு மாத்திரையா குடுக்கற ஐசோட்ரெட்டினோயின் இன்னும் கடுமை, கொழந்தைக்கு ஊனம் வரும், அத சாப்பிடும்போதும் நிறுத்தி ஒரு மாசம் வரைக்கும் கர்ப்பம் ஆகவே கூடாது, ரத்த தானமும் குடுக்கக்கூடாது. கல்யாணம் ஆகாத பொண்ணுன்னு டாக்டர் இத சொல்லாம விட்டா நீங்களே கேளுங்க. நியாசினமைடு வைட்டமின் பி3, எண்ணெய் வழியறதுக்கும் கருப்புக்கும், பெரும்பாலும் யாருக்கும் ஒத்துக்கும். செராமைடு தோல் செவத்துல செங்கல் நடுவுல பூசற சிமென்ட் மாதிரி, வறண்டவங்களுக்கு. ஏஎச்ஏன்னா கிளைகாலிக், லாக்டிக் மாதிரி ஆசிட், மேல் தோலுக்கு, பிஎச்ஏன்னா சாலிசிலிக், எண்ணெய்ல கரைஞ்சு துளைக்குள்ள போகும். எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்கி ஒண்ணு மேல ஒண்ணு பூசாதீங்க, எது ஒத்துக்கலன்னு கண்டுபுடிக்கவே முடியாது.

டப்பாவுல நான்-காமெடோஜெனிக் (non-comedogenic)னு போட்டிருந்தா துளைய அடைக்காதுன்னு அர்த்தம். ஹைப்போ அலர்ஜெனிக்னு போட்டா அலர்ஜியே வராதுன்னு இல்ல, வர்றது கம்மின்னு கம்பெனி சொல்லுது, அவ்ளோதான். எதுக்கும் முழங்கை மடிப்புல ஒரு சொட்டு வச்சு ரெண்டு நாள் பாருங்க.

கேள்வி: போட்டாக்ஸும் ஃபில்லரும் ஒண்ணுதானே?

ரெண்டும் ஊசிங்கறத தவிர வேற ஒண்ணும் ஒத்துமை இல்ல. போட்டாக்ஸ் தசைய தளத்தற மருந்து, நரம்பு குடுக்கற சேதிய தசைக்கு போகவிடாம நிறுத்தும், அதனால நெத்தி சுருங்காது. கெட்டுப்போன சாப்பாட்டுல வளர்ற கிருமியோட விஷத்துலருந்து எடுத்து ரொம்ப ரொம்ப கொறைஞ்ச அளவுல பண்றாங்க, முதல்ல மாறுகண்ணுக்குத்தான் குடுத்தாங்க, அமெரிக்காவுல 1989ல அதுக்கு அனுமதி, புருவ நடுவு சுருக்கத்துக்கு 2002ல. மூணு நாலு நாள்ல தெரிய ஆரம்பிக்கும், ரெண்டு வாரத்துல முழுசா, மூணு நாலு மாசத்துல போயிரும்.

ஃபில்லர் பள்ளத்த நெரப்பறது. பெரும்பாலும் ஹையலூரானிக் ஆசிட் ஜெல், பேருலதான் ஆசிட், எரிக்காது. ஆறு மாசத்துலருந்து ஒன்றரை வருஷம் நிக்கும், புடிக்கலன்னா ஹையலூரானிடேஸ்னு ஒரு ஊசி போட்டு கரைச்சிரலாம். ஆபத்து எங்கன்னா, ஜெல் ரத்தக் குழாய்க்குள்ள போயிட்டா அந்தத் தோல் செத்துரும், மூக்கு, புருவ நடுவுல போட்டா கண்ணே போகலாம். போட்டதும் தோல் வெளுத்துப் போறது, தாங்க முடியாத வலி, பார்வை மங்கறது, இதுல எது வந்தாலும் நாளைக்கு பாக்கலாம்னு இருக்கக்கூடாது, அந்த நிமிஷமே. அதனால போடறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி கேளுங்க, கரைக்கற ஊசி இங்க ஃப்ரிட்ஜ்ல ரெடியா இருக்கான்னு.

கேள்வி: லேசர் போட்டா முடி திரும்ப வரவே வராதா?

ஹேர் ரிடக்ஷன்னுதான் சொல்லணும், ரிமூவல்னு இல்ல. லேசர் முடியோட கருப்பத் தேடிப் போய் வேர சுடும், அதனால நரைச்ச முடிக்கு வேலை செய்யாது. 4லருந்து 6 வாரத்துக்கு ஒரு தடவ, 6லருந்து 8 சிட்டிங் ஆகும், பிசிஓஎஸ் இருந்தா அதுக்கும் மேல. நடுவுல ஷேவ் பண்ணலாம், த்ரெட்டிங், வேக்ஸிங் கூடாது, வேரே இல்லன்னா லேசர் எத சுடும். நம்ம தோலுக்கு நீள அலை என்டி யாக், டயோடுதான் பாதுகாப்பு. ஐபிஎல்ங்கறது லேசரே கிடையாது, பளிச்சுன்னு அடிக்கற வெளிச்சம், கருத்த தோல்ல சுட்டுரும், லேசர்னு சொல்லி அத போடற எடம் இருக்கு, மெஷின் பேர கேட்டு பில்லுல எழுதி வாங்குங்க.

கேள்வி: பிஆர்பி, மைக்ரோநீட்லிங், சப்சிஷன்?

பிஆர்பின்னா உங்க ரத்தத்தையே எடுத்து மெஷின்ல சுத்தி, பிளேட்லெட் நெறஞ்ச மஞ்ச தண்ணிய திரும்ப தலையிலயோ மூஞ்சியிலயோ ஊசி போடறது. மைக்ரோநீட்லிங் பொடி ஊசியால குத்தி தோல தானா வளர வைக்கறது. சப்சிஷன் பள்ளத் தழும்பு அடியில இழுத்துப் புடிச்சிருக்கற நாரை ஊசியால அறுத்து விடறது. பருவுத் தழும்பு எல்லாம் ஒண்ணு இல்ல, ஐஸ்பிக் ஊசி குத்தின மாதிரி, பாக்ஸ்கார் குழி வெட்டின மாதிரி, ரோலிங் அலை மாதிரி, ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற.

கேள்வி: ஹேர் டிரான்ஸ்பிளான்ட்ல 2000 கிராஃப்ட்னா 2000 முடியா?

இல்ல. ஒரு கிராஃப்ட்ல ஒண்ணுலருந்து நாலு முடி இருக்கும். பின் மண்டை முடிக்கு வழுக்கை வர்றது கம்மி, அங்கருந்து எடுத்து முன்னாடி நடறாங்க. எஃப்யூஇல ஒவ்வொண்ணா எடுப்பாங்க, எஃப்யூடில ஒரு பட்டையா தோல வெட்டி எடுத்து தைப்பாங்க, கோடு மாதிரி தழும்பு இருக்கும். நட்ட முடி முதல் மாசத்துல கொட்டும், அதுக்கு ஷாக் லாஸ்னு பேரு, பதறாதீங்க, வேரு உள்ள இருக்கு, முழுசா தெரிய 9லருந்து 12 மாசம். பின் மண்டை ஒரு சேமிப்பு மாதிரி, எடுத்தா அங்க திரும்ப மொளைக்காது. 22 வயசுல முன்னாடி மட்டும் நெருக்கமா நட்டுட்டு 35ல நடுவுல வழுக்கை விழுந்தா எடுக்க ஒண்ணும் இருக்காது. யாரு செய்யலாம்னு 2022ல தேசிய மருத்துவ ஆணையமே சொல்லிருச்சு, பயிற்சி எடுத்த பதிவு பெற்ற டாக்டர் செய்யணும், டெக்னீஷியன் கையில விடக்கூடாது.

கேள்வி: லைப்போசக்ஷன் பண்ணா எடை குறையுமா?

குறையாது. ஒரு எடத்துல மட்டும் தங்கியிருக்கற கொழுப்ப கானுலான்னு ஒரு குழாய் விட்டு உறிஞ்சறது, வடிவத்துக்கு செய்றது. வழக்கமா ஒரே தடவையில 5 லிட்டருக்கு மேல எடுக்க மாட்டாங்க. பிரசவத்துக்கு அப்புறம் தொங்கற வயித்துத் தோலுக்கு இது சரிப்படாது, அதுக்கு டம்மி டக், தோல வெட்டி தசைய இழுத்து தைக்கற பெரிய ஆபரேஷன். 2022 மே மாசம் இதே பெங்களூர்ல 21 வயசு டிவி நடிகை ஒருத்தங்க கொழுப்பு எடுக்கற ஆபரேஷனுக்குப் போய் இறந்துபோனாங்க. அந்த வாரம் முழுக்க எங்க ஓபிடில அதே பேச்சுதான். மயக்க டாக்டர் கூட இருப்பாரா, அவசரத்துக்கு ஐசியு இருக்கா, இத ரெண்டையும் கேக்காம ஒத்துக்காதீங்க.

கேள்வி: காது ஓட்டை கிழிஞ்சு போச்சு, தைக்க முடியுமா?

நல்லா முடியும். எடத்த மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு காதுக்கு அரை மணி முக்கால் மணி, அன்னைக்கே வீட்டுக்கு. கம்மனஹள்ளியில மகன் வீட்டுக்கு வந்திருந்த திருநெல்வேலி பாட்டி ஒருத்தங்க, பாம்படம் போட்டு வளத்த காது, தோள் வரைக்கும் தொங்கும், பேத்தி ஸ்கூல்ல புள்ளைங்க கேலி பண்றாங்கன்னு சொல்லவும் தச்சுக்கலாம்னு வந்தாங்க. தையல் பிரிச்ச அன்னைக்கு கண்ணாடிய கேட்டு வாங்கி, ரெண்டு விரலால மடல மாத்தி மாத்தி தடவிப் பாத்துட்டு "எங்கம்மா கிட்ட காட்ட முடியலயே"ன்னாங்க, எனக்கு தொண்டை அடைச்சிருச்சு. மூணு மாசம் கழிச்சு தழும்பு மேல இல்லாம பக்கத்துல குத்திக்கலாம்.

காது குத்தின எடத்துல உருண்டையா தடிச்சு வளர்ந்துட்டே போனா அது கீலாய்டு, குடும்பத்துல யாருக்காவது இருந்தா உங்களுக்கும் வரலாம். வெட்டி மட்டும் எடுத்தா முன்னவிட பெருசா திரும்ப வரலாம், ஸ்டீராய்டு ஊசியும் சேத்துதான் போடணும்.

கேள்வி: ஸ்டிக்கர் பொட்டு வச்ச எடத்துல வெள்ளையா ஆயிருச்சு?

பசையில இருக்கற பிடிபிபிங்கற ஒரு கெமிக்கல் தோலுக்கு நெறம் குடுக்கற செல்ல கொன்னுரும். ஒடனே நிறுத்துங்க. சீக்கிரம் நிறுத்தினா பல பேருக்கு நெறம் திரும்பும். தலைக்குப் போடற டை ஒத்துக்காம நெத்தியும் கன்னமும் கருத்துப் போறதுக்கும் இதே மாதிரி ஒரு கெமிக்கல்தான் காரணம், அதுக்கு பேரு பிபிடி.

கேள்வி: கன்சென்ட் ஃபார்ம் இங்கிலீஷ்ல இருக்கு, என்ன பண்றது?

உங்களுக்குத் தெரிஞ்ச பாஷையில விளக்கி சொல்ல வேண்டியது அவங்க கடமை. லோக்கல்னா அந்த எடம் மட்டும் மரத்துப்போறது, ஜெனரல்னா முழு மயக்கம், டவுன்டைம்னா எத்தன நாள் வெளிய தலை காட்ட முடியாதுங்கறது, இந்த மூணும் அதுல என்ன போட்டிருக்குன்னு கேளுங்க. வீட்ல காலேஜ் படிக்கற புள்ளைய கூட்டிட்டு வாங்க, இல்லன்னா வரவேற்புல தமிழ் தெரிஞ்ச ஒருத்தரு கண்டிப்பா இருப்பாங்க, இது பெங்களூர்.

கேள்வி: அவ்ளோ பணம் இல்ல, எங்க போறது?

சிவாஜிநகர் பௌரிங், கே.ஆர். மார்க்கெட் பக்கம் விக்டோரியா, ரெண்டு அரசு ஆஸ்பத்திரியிலயும் தோல் ஓபிடி இருக்கு, எம்டி படிச்ச டாக்டருங்க பாப்பாங்க. விக்டோரியாவுல தீக்காயத்துக்குன்னு தனி வார்டே இருக்கு. உதடு, அண்ணம் பிளந்த கொழந்தைங்களுக்கு ஸ்மைல் டிரெய்ன் மூலமா இலவசமா ஆபரேஷன் நடக்குது. காலையில சீக்கிரம் போங்க, வரிசை இருக்கும். மேக்கப், பவுடர் போடாம மூஞ்சி கழுவிட்டு போங்க, இதுவரைக்கும் தடவின டியூப், டப்பா, தின்ன மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு போங்க, பாதி தீர்ந்த டியூப்பா இருந்தாலும் பரவாயில்ல, திட்டுவாங்களோன்னு மறைக்காதீங்க. என் தங்கச்சியும் முதல் தடவ டாக்டர் கிட்ட போனப்ப அந்த டியூப்ப பைக்குள்ளயே வச்சுட்டு காட்டல, அதுல அவளுக்கு ரெண்டு மாசம் வீணாப் போச்சு.